கணக்கில் வராத காலுறை

மரப்பெட்டி. நடுவில் ஒரு தடுப்பு.
நூற்றைம்பது சின்னக் கட்டைகள்,
சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை.
அறுபது நொடிக்குள்
இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு
எத்தனை போகின்றன என்று எண்ணுவது என் வேலை.
இரண்டைச் சேர்த்து அள்ளினாலும்
ஒன்றுதான் கணக்கு.
விரல்நுனி தடுப்பைத் தாண்டாமல்
வீசியெறிந்தால் அதுவும் கிடையாது.

குத்தாயிசி மருத்துவமனை, மூன்றாவது மாடி.
பார்வை நன்றாகத் தெரிகிற என் கண்ணை
இந்த ஆய்வு கட்டிவைத்திருக்கிறது:
யாருக்கு எந்தச் சிகிச்சை என்று
எனக்குத் தெரியக்கூடாது.
தெரிந்தால் ஒரு கட்டை கூட்டி எண்ணிவிடுவேனாம்,
ஆசையில்.

நாற்பது பேருக்குப் பழைய பயிற்சி, ரப்பர் பந்து.
நாற்பது பேருக்கு
நல்ல கையை உறைக்குள் பூட்டிவிட்டு
விழுந்துபோன கையிடமே எல்லாம் கேட்பது,
தேநீர்க் கரண்டி, சட்டைப் பொத்தான்,
கதவுக் குமிழ், பகலில் ஆறு மணி நேரம்.

நஸிப்ரோலா. வயது அறுபத்தொன்று.
இருபத்தெட்டு வருடம் டிராலிபஸ் ஓட்டியவர்.
ஜனவரியில் மூளையில் ஒரு நாளம் அடைத்துக்கொண்டது.
அதன்பின் இடக்கை
யாரோ அவர் மடியில் மறந்து வைத்துவிட்டுப் போன
பொட்டலம்.
முதல் நாள் நான்கு கட்டை.
ஐந்தாவது தடுப்பின் மேல் ஏறி,
கொஞ்சம் யோசித்து,
இந்தப் பக்கமே விழுந்தது.
"பிரேக் பிடிக்கவில்லை" என்றார்.

எட்டாவது வாரம்.
அதே பெட்டி, அதே கடிகாரம்.
வெளியே ரியோனி ஆறு
பனி உருகிக் கலங்கலாக ஓடுகிறது.
பத்தொன்பது.
ஆசையைக் கழித்துவிட்டு மறுபடி எண்ணினேன்.
பத்தொன்பதுதான்.

சட்டைக்கையை அவர் இழுத்துவிட்டபோது
நல்ல மணிக்கட்டில் ஒரு வளையம் தெரிந்தது,
கம்பளிப் பின்னலின் அச்சு.
எங்கள் உறை அப்படித் தடம் பதிக்காது.
நான் கேட்கவில்லை. கேட்கவும் கூடாது.

"காலுறை" என்றார் அவரே. "தம்பி தெமூரியுடையது.
தாழ்வாரத்தில் அந்தத் தையல்காரரைப் பார்த்தேன்,
கையில் உறை.
எனக்கு மட்டும் ஏன் பந்து?
சீட்டுக் குலுக்கியது கணினி என்றார்கள்.
கணினிக்கு என் கைமேல் என்ன கோபம்?
பல்லால் கடித்து நானே முடிச்சுப் போட்டேன்.
முதல் வாரம் முழுக்கச் சூப் தரையில்தான்."

கையும் களவுமாகப் பிடிபட்டவரின் முகமில்லை அது.
மின்கம்பி இல்லாத தெருவில்
டிராலிபஸ்ஸை ஓட்டிக்கொண்டு வந்தவரின் முகம்.

படிவத்தின் கடைசிக் கேள்வி:
நோயாளியின் பிரிவு உங்களுக்குத் தெரியவந்ததா?
பேனா மூடியை வெகுநேரம் கடித்தேன்.
ஆம், என்று குறித்தேன்.
காரணம்: காலுறை, கம்பளி, தினமும் ஐந்து மணி நேரம்.

ஆய்வுத் தலைவர் படித்துவிட்டு
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"இன்னும் எத்தனை காலுறைகள்?"
விசாரித்ததில் ஏழு.
ஒருவர் மஃப்ளர். ஒருவர்
மனைவியின் சமையலறை ஏப்ரனின் நாடா.
இன்னொருவர் ஒன்றும் கட்டவில்லையாம்,
நல்ல கையின்மேல் உட்கார்ந்துகொண்டாராம்.

யாரையும் நீக்கவில்லை.
குலுக்கல் எங்கே போட்டதோ
அங்கேயேதான் பெயர் இருக்கவேண்டும் என்பது விதி.
அடுத்த குளிர்காலத்தில் அட்டவணை வந்தது.
இரு பிரிவுக்குமிடையே
குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.
பொய்யில்லை. ஒவ்வோர் எண்ணும் நான் எண்ணியது.
அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம்
ஈரக் கம்பளி வாசனை வருகிறது எனக்கு.

கடைசிச் சோதனைக்கு வந்தவர்
மணி அடித்து முடிந்த பிறகும் எழவில்லை.
பெட்டிக்குள் இடக்கையை விட்டு
இரண்டு கட்டைகளைச் சேர்த்து அள்ளினார்.
ஒன்றுதான் கணக்கு, என்று வாயெடுத்தேன்.

"இது உன் கணக்குக்கு இல்லை, மாக்வாலா"
என்றபடி
நார்தி ஆட்டக்காரர் தாயத்தைக் குலுக்குவதுபோல்
காதருகே வைத்துக் குலுக்கினார்.